எண்ணூர் வண்டல் ஆய்வு: 2-ம் தவணை நிக்குது, ‘சமூகத் தாக்கம்’ கட்டத்தில் என்ன எழுதுவது?

வண்டல்_57
பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி. எண்ணூர் கழிமுகத்து வண்டலிலும் மட்டியிலும் கன உலோகம் பார்க்கிற 3 வருஷத் திட்டம், மத்திய அரசு நிதி. செப்டம்பரில் முதல் தவணை 9.2 லட்சம் வந்தது. மார்ச் 31 வரை கையைவிட்டுப் போனது 5.1 லட்சம். 3.4 லட்சத்துக்குக் கருவி ஆர்டர் போட்டாச்சு, பில் இன்னும் வரல. அனுப்பின யூ.சி. (பணத்தை எப்படிச் செலவழிச்சோம் என்ற பயன்பாட்டுச் சான்று) “முரண் உள்ளது” என்ற ஒரே வரியோடு திரும்பிடுச்சு. ஆண்டறிக்கையில் சமூகத் தாக்கத்துக்கு 500 சொல் கட்டம் வேற. மணலி கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் கேட்கலாமா?

கணக்குமேசை
முதலில் காலத்தைப் பாருங்க சார். யூ.சி. நிதியாண்டுக்கு, திட்ட ஆண்டுக்கு இல்லை. செப்டம்பரில் பணம் வந்திருந்தாலும் முதல் யூ.சி. மார்ச் 31-ல் முடியணும். செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை போட்டால் அங்கேயே திரும்பிடும்.

காலம் சரி என்றால், அந்த 3.4 லட்சத்தைச் செலவு வரியில் ஏத்தியிருப்பீங்க. ஏத்தினால் யூ.சி.யில் மிச்சம் 0.7, பாஸ்புக்கில் 4.1. அவங்க முரண் என்பது இதைத்தான். கையிருப்பு 4.1 என்றே காட்டுங்க. அதற்குக் கீழே, 3.4 லட்சம் கமிட்டெட் செலவு என்று ஆர்டர் எண், தேதியோடு தனியா எழுதி, ஆர்டர் நகலை இணையுங்க.

படிவம், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் வரும் ஜி.எஃப்.ஆர் 12-ஏ. கருவி வாங்கும் தலைப்பு 35-க்கு ஒரு தாள், பொதுச் செலவுத் தலைப்பு 31-க்கு ஒரு தாள். ஒரே தாளில் கலக்காதீங்க. அடுத்த வருஷ ஆரம்ப இருப்பு இந்த வருஷ இறுதி இருப்போடு பைசா சுத்தமாப் பொருந்தணும். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பையன் பாதியில் போய்ட்டா, அவனுக்கு ஒதுக்கின மாசம் 37,000-த்தில் ஆசிட் வாங்கிடலாம்னு நினைக்காதீங்க. தலைப்பு மாத்த நிதி கொடுத்தவங்க எழுத்தில் அனுமதி தரணும். ஆடிட்டர், முதன்மை ஆய்வாளர், முதல்வர் மூணு கையெழுத்திலும் தேதி இருக்கான்னு கடைசியா ஒரு தடவை பார்த்துக்குங்க.

உப்புக்காத்து
தாக்கக் கட்டத்துக்கு வர்றேன். “மீனவர் வாழ்வாதாரம் உயரும்”னு எழுதினால் மதிப்பிடுறவர் அடுத்த கட்டத்துக்குத் தாவிடுவார். கட்டுரையும் தரவும் வெளியீடு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ பசுமைத் தீர்ப்பாயம் போட்ட குழுவோ உங்க எண்ணைப் பார்த்து மாதிரி எடுக்கிற இடத்தை மாத்தினால் அது விளைவு. மட்டியில் காட்மியம் குறைஞ்சால்தான் தாக்கம். 3 வருஷத்தில் அதை எதிர்பார்க்கிறது நியாயமே இல்லை. பிரிட்டனில் பல்கலை ஆய்வுகளை எடைபோடும் ஆர்.இ.எஃப். 2021 மதிப்பீட்டில் தாக்கத்துக்கு 25 சதவீத எடை கொடுத்தாங்க. அங்கேயும் யார் எந்த முடிவை மாத்தினாங்க, அதுக்குத் தாள் எங்கே என்பதுதான் கேள்வி. வாரியத்துக்கு அனுப்பின கடிதம், வந்த பதில், உங்க அட்டவணையை எடுத்தாண்ட அறிக்கையின் பக்க எண், இதையெல்லாம் இப்பவே ஒரு கோப்பில் சேருங்க. மூணாம் வருஷம் தேடினால் கிடைக்காது.

“எங்க ஆய்வில் இந்த மாற்றம் தெரிஞ்சது”ன்னு சொல்ல ஒப்பீடு வேணும். 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்கு முன், பின் என்று இரண்டு மாதிரி மட்டும் போதாது. அதே மாசம் மிக்ஜாம் வெள்ளமும் வந்தது, எது எதால்னு பிரிக்க முடியாது. பழவேற்காட்டில் அதே மாசம், அதே ஆழத்தில் எடுத்து, 63 மைக்ரானுக்குக் கீழ் உள்ள துகளை மட்டும் சலிச்சுப் பாருங்க. களிமண் அதிகமான இடத்தில் உலோகம் இயல்பாவே கூடும், அதனால் அலுமினியத்தோடு விகிதம் போடணும். பழவேற்காடும் ஒண்ணும் தீண்டாத கன்னி நிலம் இல்லை, இன்னொரு ஒப்பீட்டு இடமும் வெச்சுக்குங்க.

பல பேர் சறுக்குறது ஒரு இடத்தில். ஆய்வகம் பெரும்பாலும் உலர் எடையில் எண் தரும். கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர நெறி) வரம்பு ஈர எடைக்கு. மட்டியில் காட்மியத்துக்கு அது கிலோவுக்கு 2 மில்லிகிராம். உலர் எடையில் 6-னு வந்ததும் “வரம்பைப்போல 3 மடங்கு”ன்னு எழுதிடுறாங்க. சதையில் 80 சதவீதம் தண்ணி என்றால் ஈர எடைக்கு அது 1.2தான். அந்த ஒரு வரி பத்திரிகையில் வந்தால் காசிமேட்டில் அன்னிக்கு மட்டி, மீன் எதுவும் போணியாகாது. அதுவும் தாக்கம்தான், வேண்டாத தாக்கம்.

இம்பாக்ட் ஃபேக்டரை அந்தக் கட்டத்தில் போடாதீங்க. அது பத்திரிகையின் சராசரி, உங்க கட்டுரையின் தரம் இல்லை; 2012-ல் உருவான, ஆய்வை எப்படி மதிப்பிடணும்னு சொல்ற டோரா பிரகடனத்தின் முக்கியக் கருத்தே இதுதான்.

பாரிமுனை_பையன்
சி.எஸ்.ஆர்: 2013 கம்பெனிச் சட்டம், 135-ம் பிரிவு, 3 வருஷ சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். இந்தப் பணத்தை எதுக்குச் செலவிடலாம் என்ற பட்டியலில், ஆராய்ச்சிக்கான இனத்தில் அரசு நிதியில் நடக்கும் பல்கலைகள், ஐ.ஐ.டி.க்கள், தேசிய ஆய்வகங்கள்தான் பேர் சொல்லி இருக்கு. உங்களுக்குத் தோது சுற்றுச்சூழல் இனம். பணம் வாங்கி வேலை செய்ற அமைப்பு சி.எஸ்.ஆர்-1 பதிவு செஞ்சிருக்கணும்.

ஆனா கழிமுகத்து மாசை அளக்கிற ஆய்வுக்கு அதே கரையில் புகைபோக்கி வெச்சிருக்கிறவங்க பணம் என்றால் யார் நம்புவாங்க? வாங்கியே ஆகணும்னா, எந்த முடிவு வந்தாலும் வெளியிடும் உரிமை நமக்கே என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கணும். “வெளியிடும் முன் கலந்தாலோசித்து”ன்னு இருந்தால் கையெழுத்துப் போடாதீங்க. இது உங்க ஒருத்தர் பிரச்சினை மட்டுமில்லை. 2023-ல் சட்டமான தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு 5 வருஷத்துக்கு 50,000 கோடின்னாங்க, அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே இருந்து வரணும்னு கணக்கு.

வண்டல்_57
3.4-ஐ ஏத்தினதுதான் தப்பு, பார்த்துட்டேன். இன்னொண்ணு: சேமிப்புக் கணக்கில் வட்டி 11,340 வந்தது. அதில் வடிதாள் வாங்கிட்டோம்.

கணக்குமேசை
வாங்கியிருக்கக் கூடாது சார். வட்டி அரசுக்குத் திரும்பணும். கல்லூரி நிதியிலிருந்து 11,340-ஐப் போட்டு நிரப்பி, பாரத்கோஷ் (மத்திய அரசுக்குப் பணம் கட்டும் இணையதளம்) வழியாக் கட்டி, ரசீதை யூ.சி.யோடு வையுங்க. வடிதாள் பில்லைத் தலைப்பு 31-ல் ஆடிட்டர் ஏத்துக்குவாரா பாருங்க; தேதி மார்ச் 31-க்கு முன்னாடி இருந்தால் ஏத்துக்குவார். அப்போ 5.1-ம் மாறும், மறக்காதீங்க.