கிங்டோம் இடிந்த ஞாயிற்றுக்கிழமை

நான் சியாட்டிலுக்கு வந்தது 1998 கடைசியில். விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் போகும்போது, இட்லிக் கொப்பரை மூடியைக் கவிழ்த்துவைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று தெரிந்தது. "கிங்டோம், கூரை போட்ட விளையாட்டு அரங்கம். சீக்கிரம் இடிக்கப்போகிறார்கள்" என்றார் டிரைவர். 1976-இல் திறந்த கட்டடம். எங்கள் ஊர் பஞ்சாயத்து ஆபீஸ்கூட அதைவிட மூத்தது.

அடுத்த மே மாதம் ஆபீஸ் நண்பர்களோடு அங்கே பேஸ்பால் பார்க்கப் போனேன். கிரிக்கெட் பார்த்த கண்ணுக்கு ஆட்டம் பிடிபடவில்லை. சரி, கூரையையாவது பார்ப்போம் என்று அண்ணாந்தேன். 660 அடி அகலக் கான்கிரீட், நடுவில் ஒரு தூண் கிடையாது. வெளியே நல்ல வெயில், உள்ளே டியூப்லைட் வெளிச்சம் மாதிரி ஒரு வெளிறல். 1994 ஜூலையில் ஆட்டத்துக்குச் சற்று முன்னால், கூரையின் உள்பக்க அட்டைகள் நான்கு பெயர்ந்து இருக்கைகள்மேல் விழுந்தனவாம். நல்லவேளை, ரசிகர்களை இன்னும் உள்ளே விடவில்லை. ஆனால் பழுது பார்க்கும்போது கிரேன் விபத்தில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். இதைக் கேட்டபின் நான் மைதானத்தைப் பார்க்கவே இல்லை, கூரையைத்தான்.

2000 மார்ச் 26, காலை 8.32. வெடிவைத்து இடிப்பதைப் பார்க்கப் பீக்கன் ஹில் மேட்டில் நின்றோம். கூரையின் விலா எலும்புகள் வழியாக நெருப்புக் கீற்றுகள் ஓடின. சத்தம் அப்புறம்தான் வந்தது. மொத்தமும் சரிய 17 விநாடிகூட ஆகவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டே இருந்தார், மூடி நிரம்பி ஷூவில் வழிந்தது.

இதைப் படித்த ஒருவரின் பதில்: தம்பி, உங்களுக்கு முன்னாலேயே வந்தவன் நான். 1995 அக்டோபர் 8, நம் சியாட்டில் மரினர்ஸ் அணிக்கு நியூயார்க் யாங்கீஸோடு பிளேஆஃப் தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டம், 11-ஆவது இன்னிங்ஸ். எட்கர் மார்ட்டினெஸ் இடது பக்கம் அடிக்க, கென் கிரிஃபி முதல் பேஸிலிருந்தே ஓடிவந்து சேர்ந்துவிட்டார். 6-5. கான்கிரீட் குண்டானுக்குள் அத்தனை பேரும் கத்தினால் சத்தம் எங்கே போகும்? இரண்டு நாள் எனக்குக் காது அடைத்திருந்தது. ஜெயித்த சூட்டோடு புது பேஸ்பால் மைதானத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். அந்த ஆட்டமே கிங்டோமுக்கு உலை வைத்துவிட்டது.

அவருக்கு என் பதில்: அண்ணே, அதோடு முடிந்ததா? கட்டடம் போய் 15 வருஷம் கழித்து, 2015-இல்தான் கிங் கவுண்டி (சியாட்டில் இருக்கும் மாவட்டம்) அதன் கடனைக் கட்டி முடித்தது. இடிபாட்டின் ஒரு துண்டு கான்கிரீட்டை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த அம்மா அதைக் கழுவி எடுத்து, டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார்.