மறு: பிரெமிசஸ் லைசென்ஸ் – தமிழில் என்ன போடலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் மது விற்பனைச் சட்டம் பற்றியது. உள்ளே இருந்து குடிக்க மட்டும் லைசென்ஸ் வைத்திருந்த பப்களும் கையில் கொடுத்தனுப்பலாம் என்று கொரோனா காலத்தில், 2020இல், தளர்த்தினார்கள். அந்தச் சலுகை 2025 மார்ச் 31உடன் முடிந்தது. இனி கொடுத்தனுப்ப விரும்புகிறவர்கள் லைசென்ஸை மாற்றித் தரும்படி உள்ளூராட்சி மன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேதி இவ்வளவுதான்.

சிக்கல், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் லைசென்ஸ் இரண்டு வகை: பிரெமிசஸுக்கு, அதாவது விற்கிற இடத்துக்கு, ஒன்று; விற்கிற ஆளுக்கு ஒன்று. ‘வளாக உரிமம்’, ‘தனியாள் உரிமம்’ என்று போட்டிருக்கிறேன். முதலாவது உறுத்துகிறது.

*

தம்பி,

உறுத்த என்ன இருக்கிறது? வளைத்திருப்பது வளாகம். புறநானூற்றில் ‘தெண்கடல் வளாகம்’ என்றால் கடல் சூழ்ந்த உலகம். உலகத்துக்கே பொருந்திய சொல் ஒரு மதுக்கடைக்குப் பொருந்தாதா?

இன்னொன்று. பட்டினப்பாலையில் ‘நறவுநொடைக் கொடி’ வருகிறது. நறவு கள், நொடை விற்பனை. கொடி பறந்தால் உள்ளே சரக்கு உண்டு. இன்று லைசென்ஸ் சுருக்கத்தைக் கடையில் பார்வைக்கு மாட்டச் சொல்கிறார்களே, அதுவும் கொடிதான். ‘நொடையுரிமம்’ என்று துணிந்து போடுங்கள்.

*

ஐயா, நொடை என்றால் ஏதோ நோய் என்று நினைப்பார்கள். பதினாறு வருஷம் ஓஃப் லைசென்ஸ் கடையில், வாங்கிக்கொண்டு போய்க் குடிக்கிற மதுக்கடையில், கல்லாவில் நின்றவள் சொல்கிறேன். அங்கே இதை வாசிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் இலங்கைச் சனம். எங்களுக்கு ‘சாரதி அனுமதிப்பத்திரம்’தான், ‘ஓட்டுநர் உரிமம்’ இல்லை. உரிமம் என்று கண்டால் காணி உறுதி என்று எடுத்துவிடுவார்கள்.

*

அக்கா, அனுமதி, பத்திரம் இரண்டும் வடசொல். ‘இசைவுச்சீட்டு’ இருக்கிறதே.

*

இசைவு என்றால் சம்மதம். மன்றம் சம்மதிப்பது வேறு, சட்டப்படி அனுமதிப்பது வேறு. சரி, அதை விடுங்கள். யாராவது அந்தச் சட்டத்தின் 193ஆம் பிரிவைப் பார்த்தீர்களா? பிரெமிசஸ் என்பதில் வண்டி, கப்பல், நகர்த்தக்கூடிய கூடாரம் எல்லாம் அடக்கம். ஆற்றில் மிதக்கிற படகை வளாகம் என்பீர்களா? ‘இடம்’ போதும். ஓடுகிற வண்டியில் விற்கத் தடை இருப்பதால், நின்றால்தான் அதுவும் இடம்.

*

‘இட அனுமதிப்பத்திரம்’ என்றால் இட ஒதுக்கீடு போலக் கேட்கிறதே?

*

எல்லோருக்கும் நன்றி. ‘இடத்துக்கான மது விற்பனை அனுமதிப்பத்திரம்’ என்று போட்டு, பக்கத்திலேயே ‘பிரெமிசஸ் லைசென்ஸ்’ என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் மூன்று வரியாக மடங்குகிறது. வேறு வழியில்லை.

*

தம்பி, தவறு செய்துவிட்டீர்கள். இரவு 11 மணிக்கு மேல் சூடான சாப்பாடு விற்கவும் இதே லைசென்ஸ்தான் வேண்டும். மது ஒரு சொட்டு இல்லாத கடைக்கும் ‘மது விற்பனை’ என்று எழுதிக் கொடுப்பீர்களா? நொடை எதற்கும் பொருந்தும், சோற்றுக்கும் நறவுக்கும். மது விற்கிற இடத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டுமாமே, அவரைத் தமிழாக்கும்போது சொல்லுங்கள். ‘நொடைக்காவலர்’ தயாராக வைத்திருக்கிறேன்.