ஒவ்வொரு சண்டைக்கும் அப்புறம் லாங் ரெஸ்ட், எப்படித் தடுப்பது?

தீப்பெட்டி:
சனிக்கிழமை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் ஆட்டம்), நடத்துகிற டிஎம் நான்தான், அதற்குள் பதில் வேண்டும். என் ஆட்டக்காரர்கள் ஒரு சண்டை முடிந்த கையோடு லாங் ரெஸ்ட் (8 மணி நேர ஓய்வு, செலவான மந்திரமெல்லாம் திரும்பிவிடும்) எடுத்துவிடுகிறார்கள். விசார்ட் (மந்திரவாதி) இரண்டு ஃபயர்பாலையும் (தீப்பந்து மந்திரம்) எடுத்த எடுப்பில் வீசிவிடுகிறான், எதிரி காலி, அப்புறம் படுக்கை, விடிந்தால் மறுபடி அதே இரண்டு ஃபயர்பால். வார்லாக் (இன்னொரு வகை மந்திரவாதி) ஆடும் தோழி பாதி நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிரிகளுக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) ஏற்றிப் பார்த்தேன், சண்டை இழுத்ததே தவிர ஒன்றும் மாறவில்லை. என்ன செய்யட்டும்?

கோட்டைச்சாவி:
எந்த எடிஷன், எத்தனை பேர், என்ன லெவல்? டஞ்சனா, ஊரா, பயணமா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

நள்ளிரவு ரோக்:
லாங் ரெஸ்ட் என்கிறார், டி&டி ஐந்தாவது எடிஷனாகத்தான் இருக்கும். ஃபயர்பால் இரண்டோடு நிற்கிறது, அப்படியானால் விசார்ட் லெவல் 5. 24 மணி நேரத்தில் ஒரு லாங் ரெஸ்டுக்குத்தான் பலன் உண்டு, அதைக் கறாராகப் பிடியுங்கள். காலை 9 மணிக்குச் சண்டை போட்டுவிட்டு 10 மணிக்குப் படுத்தால் ஒரு ஸ்லாட்டும் (மந்திரம் போடும் வாய்ப்பு) திரும்பாது. இரவு வரை உட்கார்ந்திருக்கட்டும். அதற்குள் குகையில் மிச்சமிருக்கும் கோப்ளின்கள் செத்த கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு வாசலில் பொறி வைத்துவிடும்.

பழைய பகடை:
தம்பி, மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கையேட்டை வாங்கினால் போதாது, பிரித்துப் படிக்க வேண்டும். நாளுக்கு 6 முதல் 8 சண்டை, நடுவில் 2 ஷார்ட் ரெஸ்ட் (ஒரு மணி நேர ஓய்வு) என்று 2014 டிஎம் கையேட்டில் அச்சிட்டே இருக்கிறது. நீங்கள் ஒன்றே ஒன்று வைத்துவிட்டு விசார்டைக் குறை சொல்கிறீர்கள்.

பச்சை ஜுவாலை:
அண்ணா, அது ஒரு குழுவால் தாங்க முடிகிற அளவு. தினமும் அத்தனை வைத்தே ஆகவேண்டும் என்று இல்லை. சண்டை கடுமையானால் எண்ணிக்கை குறையும் என்றும் அங்கேயே இருக்கிறது.

தீப்பெட்டி, உங்கள் தோழியின் பிரச்சினை ஷார்ட் ரெஸ்ட் கிடைக்காதது, வார்லாக்குக்கு ஸ்லாட் அதிலேயே திரும்பிவிடும். லெவல் 5 விசார்டுக்கு 9 ஸ்லாட், வார்லாக்குக்கு 2. நாளுக்கு ஒரே சண்டை என்றால் அந்த 2 தான் அவளுக்கு. இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் 6 ஆகும், ஆறுமே மூன்றாம் லெவல் ஸ்லாட். விசார்டுக்கு ஆர்கேன் ரெகவரி (ஷார்ட் ரெஸ்டில் ஸ்லாட் மீட்கும் திறன்) நாளுக்கு ஒருமுறைதான், அதில் மூன்றாம் லெவல் ஸ்லாட் ஒன்றுதான் திரும்பும். ஒரே சண்டையை இழுக்க இழுக்க ஸ்லாட் அதிகம் உள்ளவனுக்குத்தான் லாபம், அதனால் ஹிட் பாயிண்ட் ஏற்றியது அவளுக்கு இன்னும் பாதகம்.

எலும்புக்கூடு:
இரவில் நாலு ஓநாயை அனுப்புங்கள். தூக்கம் கலைந்தால் ரெஸ்ட் போச்சு.

பழைய பகடை:
போகாது. ஒரு மணி நேரமாவது நடந்தோ சண்டை போட்டோ இருந்தால்தான் கலையும். ஓநாய்ச் சண்டை 5 ரவுண்ட், அதாவது 30 விநாடி.

எலும்புக்கூடு:
அந்த ஒரு மணி நேரம் நடைக்கு மட்டும். சண்டைக்கும் அதுதான் என்றால் 600 ரவுண்ட் ஆக வேண்டும். யார் அப்படி ஆடுகிறார்கள்?

நள்ளிரவு ரோக்:
இந்த வாக்குவாதத்துக்காகத்தான் 2024 புத்தகத்தில் மாற்றிவிட்டார்கள் போல. இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்பதற்கான பகடை) உருட்டினாலே தடை. ஆனால் மறுபடி படுத்து ஒரு மணி நேரம் கூடுதலாக ஓய்வெடுத்தால் போதும்.

பழைய பகடை:
அவர் 2024 ஆடுவதாக எங்கே சொன்னார்?

தீப்பெட்டி:
2014 விதிகள். 4 பேர், எல்லோரும் லெவல் 5. மலைப்பாதையில் மூன்று வாரப் பயணம், நாளுக்கு ஒரு சண்டை வந்தால் அதிகம். விசார்டிடம் டைனி ஹட் (மந்திரக் கூடாரம்) இருக்கிறது.

கோட்டைச்சாவி:
பயணம் என்பதுதான் விஷயமே. தினமும் இரவில் முறையாகத்தான் தூங்குகிறார்கள், 24 மணி நேர விதி இங்கே எதையும் தடுக்காது. பாதையில் நாளுக்கு 6 சண்டை வைத்தால் மலையைத் தாண்டவே வருஷமாகும். டைனி ஹட் ரிச்சுவலாக (சடங்காக, மெதுவாக) போட்டால் ஸ்லாட் செலவே இல்லை, 11 நிமிடத்தில் 8 மணி நேரக் கூடாரம் ரெடி, ஓநாய் வெளியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கையேட்டிலேயே கிரிட்டி ரியலிசம் என்று ஒரு மாற்று விதி உண்டு. ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். நான் அதையும் கொஞ்சம் தளர்த்துவேன்: வழியில் இரவுத் தூக்கம் ஷார்ட் ரெஸ்ட், சத்திரத்திலோ மடத்திலோ தங்கினால் மட்டும் லாங் ரெஸ்ட். அந்த இடங்களை வரைபடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி குறித்துவிடுங்கள். இரண்டு நாள் விலகிப் போய் மடத்தில் தங்குவதா, கையில் இருக்கும் மூன்று ஸ்லாட்டோடு கணவாயைக் கடப்பதா என்று அவர்களே அடித்துக்கொள்ளட்டும். விலகிப் போனால் இழப்பு இருக்க வேண்டும், துரத்துகிறவர்கள் முந்திவிடலாம், பனி இறங்கிவிடலாம். ஆட்டத்தின் நடுவில் இதை அறிவிக்காதீர்கள், முன்கூட்டியே பேசுங்கள். மேஜ் ஆர்மர் (விசார்டின் மந்திரக் கவசம்) 8 மணி நேரம்தான் நிற்கும், தினமும் அதற்கு ஒரு ஸ்லாட் போனால் விசார்டுக்கு இது ரொம்பவே இறுக்கம்.

சுரங்க விளக்கு:
ரேஷனையும் (வழிச்சாப்பாடு) டார்ச்சையும் (தீப்பந்தம்) எண்ணாமல் எந்த விதியும் வேலை செய்யாது. 1981 பேசிக் ஆட்டத்தில் (பழைய பதிப்பு) டார்ச் 6 டர்ன் எரியும், ஒரு டர்ன் 10 நிமிடம். இரண்டு டர்னுக்கு ஒருமுறை டிஎம் ஆறுமுகப் பகடை உருட்டுவார், 1 விழுந்தால் ஏதோ ஒன்று வரும். தேங்கி நிற்பதற்கே பயமாக இருக்கும்.

பச்சை ஜுவாலை:
குழுவில் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) இருந்தால் ரேஷன் கணக்கு முடிந்தது. ஒரு குட்பெரி மந்திரம், 10 பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு.

சுரங்க விளக்கு:
குட்பெரியை என் டேபிளில் அனுமதிப்பதே இல்லை.

பழைய பகடை:
விதியை வெட்டுவது டிஎம் வேலை இல்லை.

தீப்பெட்டி:
ஆடிவிட்டோம். கோட்டைச்சாவி சொன்னபடி சத்திரத்தில் மட்டும் லாங் ரெஸ்ட். விசார்ட் முதலில் முறைத்தான், கடைசி ஃபயர்பாலைத் தொங்குபாலம் வரை பத்திரமாக வைத்திருந்தான். தோழி போனைத் தொடவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கோட்டைச்சாவி:
மகிழ்ச்சி. மடத்துக்கு விலகிப் போனார்களா, நேரே போனார்களா? மேஜ் ஆர்மரை என்ன செய்தீர்கள்?