ஊழியத்துக்கு வந்து 23 நாள், பாஸ்போர்ட் என் கையில் இல்லை

நாசரேத் தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி பக்கம் நாசரேத்திலிருந்து மிஷனெரி ஊழியத்துக்காகக் கம்போடியாவுக்கு வந்து இன்றோடு 23 நாள் ஆகிறது. சபையில் பிரியாவிடை ஆராதனை நடத்தி, போதகர் ஐயா என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார்கள். அம்மா வளையலை அடகு வைத்துத்தான் டிக்கெட் எடுத்தோம். இங்கே ஒரு பிள்ளைகள் விடுதியில் தங்கியிருக்கிறேன். தினமும் இங்கிலீஷ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி. யார் பேசுவதும் புரியவில்லை. மூன்று நாளாக வயிறு சரியில்லை. விடுதிப் பாஸ்டர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார். விசா முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது. இன்று காலை நற்செய்தி அச்சிட்ட ஐம்பது கைப்பிரதிகளைக் கொடுத்து வீடு வீடாகப் போகச் சொன்னார்கள். முதல் வீட்டில் ஒரு பாட்டி கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வீட்டில் ஒருவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து என்னைப் படம் பிடித்தார். அதிலிருந்து கை நடுங்குகிறது. திரும்பிப் போனால் சபையார் முகத்தில் எப்படி முழிப்பேன்? யாராவது வழி சொல்லுங்கள்.

லுசாகா அண்ணன்:
தம்பி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் சாம்பியாவுக்கு வந்த முதல் நான்கு மாதம் அப்படியே கண்முன் வந்துவிட்டது. இங்கே வேளைக்கு வேளை நிஷிமாதான். சோள மாவைக் கிண்டிக் களி போல வைப்பார்கள். கேப்பைக் களி தின்று வளர்ந்தவன்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். தொண்டையில் இறங்கவில்லை. அம்மா கட்டித் தந்த நாரத்தங்காய் ஊறுகாயை விரல் நுனியால் தொட்டுத் தொட்டே 70 நாள் ஓட்டினேன். அப்புறம் மலேரியா. சபைப் பெரியவர் ஒருவர் மூன்று ராத்திரி பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றினார். அவர் பேசியதில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று ராத்திரிக்குப் பிறகு நான் அந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன். நீயும் ஆவாய். ஒன்று மட்டும் சொல்கிறேன், முதல் மூன்று மாதம் வீட்டுக்கு அடிக்கடி போன் பண்ணாதே. அம்மா குரலைக் கேட்டால் அன்றைக்கு வேலை ஓடாது.

கோலாலம்பூர் மாமா:
ஊறுகாய் இருக்கட்டும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று பையன் சொல்கிறானே! கம்போடியாவில் வேலை என்று அழைத்துப்போய் ஆன்லைன் மோசடி முகாம்களில் அடைத்துவைத்த கதை எத்தனை வந்தது? தமிழ்நாட்டுப் பிள்ளைகளே அங்கிருந்து மீட்கப்பட்டு வந்தார்கள். இந்திய அரசு எச்சரிக்கை மேல் எச்சரிக்கை விட்டது. மகனே, இன்றைக்கே பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கு. வாங்கியதும் எல்லை ஊரான பொய்பெட் வழியாகத் தாய்லாந்துக்குப் போய்விடு.

பட்டம்பாங்வாசி:
ஐயா, நான் கம்போடியாவிலேயே பட்டம்பாங்கில் இருக்கிறவன், தயவுசெய்து அந்த யோசனையைச் சொல்லாதீர்கள். தாய்லாந்து எல்லைக் கடவுகள் 2025 ஜூனில் மூடப்பட்டன, ஜூலையில் சண்டையே நடந்தது. எல்லை ஓரத்துக் குடும்பங்கள் பாயும் பானையுமாக வந்து விகாரைகளில் தங்கியதை நேரில் பார்த்தவன் நான். விவரம் தெரியாமல் அந்தப் பக்கம் யாரும் கிளம்பக் கூடாது.

தம்பி, பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்கு ஏஜெண்டிடம் போயிருக்கலாம். இங்கே அது வழக்கம்தான். ஆனால் நீ முக்கியமானதைச் சொல்லவில்லை. எந்த ஊர்? என்ன விசா, சுற்றுலாவுக்கான டி-யா (T), நீண்ட நாள் தங்க நீட்டிக்கக்கூடிய இ-யா (E)? பாஸ்போர்ட் பாஸ்டர் வீட்டு அலமாரியில் இருக்கிறதா, ஏஜெண்டிடம் இருக்கிறதா?

மஸ்கட் சாலமோன்:
அம்மாவிடம் பேசாதே என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தினமும் பேசு தம்பி. பேசாமல் இருந்துதான் எனக்கு மனது கெட்டது. என் பாரம் வேறு. நான் இரண்டு வருஷம் ஊழியத்தில் இருந்தேன். மாதம் பிறந்தால் அறிக்கை கேட்பார்கள். எத்தனை பேர் ஞானஸ்நானம், எத்தனை புது வீடு, எத்தனை கைப்பிரதி. பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தேன், கிணறு தூர் வாரினேன் என்று எழுதினால் அதற்குக் கட்டமே இல்லை. எண்ணிக்கை குறைந்த மாதம் காணிக்கையும் குறையும். இந்தப் பையனிடம் ஐம்பது கைப்பிரதியைக் கொடுத்து அனுப்பியதும் யாரோ நிரப்ப வேண்டிய கட்டத்துக்காகத்தான் என்று தோன்றுகிறது.

ஜெபக்குழு பெரியம்மா:
சாலமோன் தம்பி, நான் அனுப்புகிற பக்கத்தில் இருப்பவள். எங்கள் குழுவில் பாதிப் பேர் பீடி சுற்றி, அதில் மாதம் 100 ரூபாய் எடுத்துவைக்கிறார்கள். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பது தப்பா? எண்ணிக்கை கேட்டது நாங்கள் இல்லை. பையன் சாப்பிட்டானா என்றுதான் கேட்போம்.

மஸ்கட் சாலமோன்:
பெரியம்மா, உங்களைச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எங்களிடம் வந்து சேர்வதற்குள் மாறிவிடுகிறது. அந்த வருத்தம்தான்.

லுசாகா அண்ணன்:
எனக்கும் அதே கதைதான். ஒரு தடவை அறிக்கைக்குப் படம் வேண்டும் என்றார்கள். காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் படம் எடுக்கச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. அந்த வருஷம் உதவி பாதியானது.

வெள்ளாளன்விளை அக்கா:
எங்கள் ஊரில் 1874-ல் பிறந்தவர் அசரியா. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போய், அந்த மொழியைக் கற்று அங்கேயே வாழ்ந்தார். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில் நின்று, உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். தம்பி, இன்று நீ அந்த வெள்ளைக்காரர்களின் இடத்தில் வெளியூர் மிஷனெரியாகப் போய் நிற்கிறாய். கும்பிட்டு வாங்கிய அந்தப் பாட்டியின் பெயர் உனக்குத் தெரியுமா? நாளைக்குக் கைப்பிரதி இல்லாமல் போய்க் கேட்டுப் பார்.

நாசரேத் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. விவரம் சொல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள், பயத்தில் எழுதினேன். ஊர் கம்போங் சாம், மேகாங் ஆற்றங்கரை. போனில் எடுத்து வைத்திருந்த விசாப் படத்தைப் பார்த்தேன், இ என்றுதான் இருக்கிறது. பாஸ்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் நல்லவர்தான். வயிறு சரியில்லாத அன்று அவர் மனைவியே கஞ்சி வைத்துக்கொண்டு வந்தார். கையில் 140 டாலர் இருக்கிறது.

ப்னோம் பென் அக்கா:
இ விசா என்றால் மூச்சு விடு தம்பி. டி என்றால் ஒரே தடவை, ஒரு மாதம்தான் நீட்டுவார்கள். இ-யை உள்ளேயே இருந்துகொண்டு 1, 3, 6, 12 மாதங்களுக்கு நீட்டலாம். 6, 12 மாத நீட்டிப்பில்தான் வெளியே போய்த் திரும்பி வர முடியும். அம்மாவைப் பார்க்க நடுவில் போக வேண்டி வந்தால் அது உதவும். ஆகவே எந்த எல்லைக்கும் ஓட வேண்டியதில்லை.

இன்று சாயங்காலமே பாஸ்டரிடம் போ. சண்டையாகக் கேட்காதே. "ஐயா, விசா தேதி நெருங்குகிறது, அம்மா கவலைப்படுகிறார்கள், பாஸ்போர்ட்டையும் ஏஜெண்ட் கொடுத்த ரசீதையும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல். ரசீது இருந்தால் பயமில்லை, வேலை முடிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். இன்னும் கொடுக்கவே இல்லை என்றால் நாளைக்கே கொடுக்கச் சொல். தேதி தாண்டினால் நாளுக்கு 10 டாலர் அபராதம், உன் 140 டாலர் இரண்டு வாரத்தில் போய்விடும். விடுதியிலிருந்து ஒரு கடிதம் வேண்டியிருக்கும். நீ தங்கியிருக்கும் இடத்தின் சொந்தக்காரர் வெளிநாட்டவர் பதிவில் உன் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். 2020 முதல் அது இல்லாமல் நீட்டிப்பு கிடையாது. பலர் சிக்குவது அங்கேதான், அதை முதலில் கேள். வேலை அனுமதி பற்றியும் கேட்டுவிடு.

திருப்பித் தர மறுத்தால் அது வேறு விஷயம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. யாரும் பிடித்து வைக்க முடியாது. ப்னோம் பென்னில் நம் தூதரகம் இருக்கிறது, கம்போங் சாமிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். வீட்டார் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். சமயம் என்கிற மதம் இல்லை, 'மதத்' என்றால் இந்தியில் உதவி என்று பொருள், இந்திய வெளியுறவு அமைச்சகம் நடத்துவது.

கைப்பிரதியை இன்றோடு நிறுத்து. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இங்கே பௌத்தம் அரச மதம். நாம் வழிபட முழுச் சுதந்திரம் இருக்கிறது. ஆனால் வீடு வீடாகப் போய் மதம் பரப்பக் கூடாது, பிரசுரங்களை அவரவர் ஆலயத்துக்குள்தான் கொடுக்கலாம் என்று மத அமைச்சகம் 2007-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. பாஸ்டருக்கும் இது தெரிந்திருக்கும். நீ வெளிநாட்டுக்காரன், உன்னால் அந்த விடுதிப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு வரக் கூடாது.

வயிற்றுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல், கேன் தண்ணீர். காய்ச்சல் சேர்ந்தால் உடனே ரத்தப் பரிசோதனை, மழைக்காலத்தில் டெங்கு அதிகம். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை தொடாதே. ஆம்புலன்ஸ் 119.

பட்டம்பாங்வாசி:
அக்கா சொன்னதோடு ஒன்று. மொழியைப் பார்த்துப் பயப்படாதே. தாய்லாந்து, வியட்நாம் மொழிகளைப் போல ராகம் மாற்றினால் பொருள் மாறுகிற மொழி இல்லை. எழுத்து நம் பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. பிள்ளைகள் உன்னை லோக் க்ரூ என்று கூப்பிடுவார்கள், அந்த க்ரூ நம் குருதான். பாஷையை ஃபியசா என்பார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஞாம் பாய் ஹாவி நவ்?" என்று கேட்பார்கள், சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். பெரியம்மா கேட்கிற அதே கேள்வி. நீ பனங்காட்டுப் பையன். இந்த நாட்டு மரமே பனைதான். யாராவது பனையேறியைத் தேடிப் போய் நில்.

நாசரேத் தம்பி:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பாஸ்டரிடம் கேட்டேன். பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருக்கிறது, ரசீதைப் படம் எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டவர் பதிவில் என் பெயர் போடாமல்தான் இருந்தது. அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் அன்றைக்கே போட்டார். கைப்பிரதி விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கட்டை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டார்.

அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனேன். பெயர் கேட்டேன், யெய் என்று மட்டும் கூப்பிடச் சொன்னார், பாட்டி என்று அர்த்தமாம். அவர் மகன் பனையேறி. மூங்கிலின் கணுக்களை ஏணியாக வைத்து மரத்தோடு கட்டியிருந்தார், நம் தாத்தாக்கள் மாதிரி மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறவில்லை. இறக்கியதும் மூங்கில் குழாயிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். சுண்ணாம்பு போடாத பனஞ்சாறு, கள் நெடி அடித்தது. குடித்துவிட்டு எங்கள் ஊரிலும் இந்த மரம்தான் என்று கையால் சொன்னேன். அவர் நம்பவில்லை. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொல்லைப் பனையைக் காட்டச் சொன்னேன். யெய் போனை வாங்கி அம்மாவைப் பார்த்து ஞாம் பாய் ஹாவி நவ் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

ஒரு சந்தேகம். என்னிடம் உள்ள 20 டாலர் தாளில் ஓரம் கிழிந்திருக்கிறது. எந்தக் கடையிலும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்ய?

ப்னோம் பென் அக்கா:
இங்கே மயிரளவு கிழிந்தாலும் டாலரை வாங்க மாட்டார்கள். சந்தைக்குள் நகைக்கடை ஓரம் பணம் மாற்றுபவர்கள் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் கழித்துக்கொண்டு மாற்றித் தருவார்கள். இந்த ஊர்ப் பணமான ரியெலாகவே வாங்கிக்கொள், ஒரு டாலருக்கு 4,000-க்குக் குறையாமல் பார். இனி ஏடிஎம்மில் எடுத்தாலும் தாளை அங்கேயே விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நகரு.