1729-ஐ விடுங்கள், உங்களை உட்கார வைத்த எண் எது?

கும்பகோணத்துக்காரன்:
சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், ஹார்டி வந்த டாக்ஸியின் எண்ணான 1729-இன் கதையோடு திரும்பிவிடுகிறார்கள். 1729 = 7 × 13 × 19, காரணிகள் எட்டே எட்டு. அவர் மாய்ந்து மாய்ந்து ஆராய்ந்தது காரணிகள் குவிந்து கிடக்கும் எண்களை. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் இருக்க வேண்டும். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும். 1915-ல் வந்த அந்தக் கட்டுரைதான் மறு வருடம் கேம்பிரிட்ஜ் பட்டத்தை வாங்கித் தந்தது. இந்த வகை எண்ணில் மாட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா?

மன்னார்குடி டியூஷன் வாத்தியார்:
உண்டு சார். 293318625600. இந்த வகை எண்களுக்கு ராமானுஜன் போட்ட அட்டவணையில் விட்டுப்போன ஒரே எண் என்று இதைச் சொல்வார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கால்குலேட்டர் இல்லாமல் பகா எண்களாக உடைக்கக் கொடுத்தேன். கடைசி இரண்டு பூஜ்யம் போனால் 2933186256. இலக்கங்களைக் கூட்டினால் 45, ஆக 9 போகும். அதுவரை எல்லோரும் சத்தமாக இருந்தார்கள், அப்புறம் அமைதி.

பின்வரிசைப் பெண் ஒருத்தி வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்தாள்: 600 − 625 + 318 − 293. விடை பூஜ்யம்! அப்படி வந்தால் 1001 மீதியின்றி வகுக்கும். 1001 என்பது 7 × 11 × 13 ஆயிற்றே, ஒரே அடியில் மூன்று பகா எண்கள் விழுந்தன. நான் சொல்லித் தரவே இல்லை, எங்கே படித்தாளோ.

முழுதாக உடைத்தால் 2-இன் அடுக்கு 6, 3-க்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. அடுக்கோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 காரணிகள். அந்த 5040-உம் இதே வகை எண்தான்!

அடுக்குகள் ஏன் இறங்குமுகமாகவே வருகின்றன என்று ஒரு பையன் கேட்டான். 3-க்கு 2-ஐ விடப் பெரிய அடுக்கு இருந்தால் இரண்டையும் இடம் மாற்று. காரணி எண்ணிக்கை அப்படியே இருக்கும், எண் சிறுத்துவிடும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. 4, 36 இரண்டுக்கு மட்டும் விலக்கு.

திருவாரூர் பக்கத்து விவசாயி:
எனக்கு இவ்வளவு பெரிய எண்ணெல்லாம் வேண்டாம் அண்ணே, 120 போதும். நம் பக்கத்தில் குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. சதுரமாக இருந்தால் பக்கம் 120 அடி. 2, 3, 4, 5, 6, 8, 10 எத்தனை பங்கானாலும் கயிறு சரியாக நிற்கும். எங்கள் வீட்டில் ஏழு பங்கு! ஒரு பங்கு 17 அடி ஒன்றே முக்கால் அங்குலம் என்று முளை அடித்தோம். கடைசிப் பங்கு கால் அங்குலம் குறைந்ததைச் சித்தப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

மன்னார்குடி டியூஷன் வாத்தியார்:
சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: இந்த வரிசையில் 7 முதலில் நுழைவதே 840-ல்தான். மாவுக்குப் பக்கம் 840 அடி வைத்திருந்தால் சண்டை வந்திருக்காது.

திருவாரூர் பக்கத்து விவசாயி:
அவ்வளவு நிலம் இருந்தால் அவர் ஏன் அண்ணே கால் அங்குலத்துக்கு நிற்கிறார்!