பர்சனலைசேஷன்: தனிப்பயனாக்கமா, அவர்வயமாக்கமா?

> பொதுச் சேவைகளில் வரும் பர்சனலைசேஷனுக்கும் 'தனிப்பயனாக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. கணினித் துறையில் நிலைத்துவிட்ட சொல்தானே.

வணக்கம் ஐயா,

கைபேசியின் முகப்பை மாற்றிக்கொள்ள அந்தச் சொல் போதும். பிரித்தானியச் சமூகப் பராமரிப்புக்கு, அதாவது முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) ஏற்பாடு செய்யும் அன்றாட உதவிக்கு, அது போதாது. இங்கே பர்சனலைசேஷன் என்றால், எந்த உதவி, யாரிடம், எப்போது என்பதை உதவி பெறுபவரே முடிவெடுப்பது. 'தனி' என்று தொடங்கியதுமே இங்குள்ள எங்கள் முதியவர்களுக்குத் 'தனியார்மயம்' என்றுதான் காதில் விழுகிறது. கவுன்சில் கைகழுவப் போகிறது என்று பயந்துவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய குறை, முடிவெடுப்பது யார் என்பதை அச்சொல் சொல்லவே இல்லை.

இந்த முறை முளைத்த இடத்தைப் பாருங்கள். ஹாம்ப்ஷயரில் லு கோர்ட் என்ற செஷயர் அறநிலைய இல்லத்தில் வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள் சிலர், வெளியே சொந்த வீட்டில் வாழ வேண்டும் என்று 'புராஜெக்ட் 81' என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். அன்றைய சட்டப்படி கவுன்சில் ஓர் ஆளின் கையில் பணம் கொடுக்க முடியாது. அதனால் இடையில் ஓர் அமைப்பு வாங்கி அவர்களிடம் கொடுக்கும் சுற்றுவழியைக் கண்டார்கள். உதவியாளரைத் தேர்ந்ததும் நேரம் குறித்ததும் அவர்களே. 1996ஆம் ஆண்டின் நேரடிக் கொடுப்பனவுச் சட்டம் வந்த பிறகுதான் கவுன்சிலே நேராகக் கொடுக்க வழி பிறந்தது. 2003இல் தோன்றிய 'இன் கன்ட்ரோல்' என்ற அறநிறுவனம், கற்றல் குறைபாடு உள்ளவர்களிடம் தொகையை முதலிலேயே சொல்லிவிட்டு, அதை எப்படிச் செலவிடுவது என்று அவர்களையே திட்டமிட வைத்தது. நிறுவனத்தின் பெயரிலேயே 'என் கையில்' என்ற பொருள் இருக்கிறது பாருங்கள். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் ஒருவருக்கென முன்கூட்டியே சொல்லப்படும் அந்த ஒதுக்கீட்டை ('தனிநபர் வரவுசெலவு') இங்கிலாந்தில் சட்டமாக்கியது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா லண்டனில் இருக்கிறார். பராமரிப்பு முகவர் நிலையம் அனுப்பும் பெண் மாலை 6 மணிக்கே வந்து படுக்கவைத்துவிட்டுப் போவார். சூடாக்கிய பெட்டிச் சாப்பாடு அப்படியே மேசையில் இருக்கும். நேரடிக் கொடுப்பனவுக்கு மாறிய பின், இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை அவரே வேலைக்கு வைத்தார். இப்போது இடியப்பமும் சொதியும், வெள்ளிக்கிழமை கோயில், படுக்கை 9 மணிக்கு. ஆனால் ஆளை வைத்ததும் அந்த அம்மா முதலாளியாகிவிட்டார்! ஊதியக் கணக்கு, வரி, விடுமுறைப் பணம், காப்புறுதி எல்லாம் அவர் தலையில். அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டது உள்ளூர்த் தொண்டு நிறுவனம்தான். அது இல்லாவிட்டால் மறு மாதமே பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பியிருப்பார்.

ஆகவே என் முன்மொழிவு 'அவர்வயமாக்கம்'. வயம் என்றால் கைவசம், ஆளுகை. இப்படிக் காகித வேலையில் கைகொடுக்கும் அறநிறுவனத்துக்கு 'வழித்துணை' என்ற சொல்லை வைக்கலாம். 'தரகர்' வேண்டவே வேண்டாம். இங்கே சேவை வழங்குபவரும் அவரல்லர், விலை பேசுபவரும் அவரல்லர்.

லண்டனிலிருந்து

---

அன்புள்ள தங்கைக்கு,

தனியார்மயக் குழப்பம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்ல பிடி. 'பயன்' என்ற பகுதியும் எனக்கு இப்போது உறுத்துகிறது. தமிழ்நாட்டு அரசுத் திட்டங்களில் 'பயனாளி' என்றால் வரிசையில் நின்று வாங்குபவர்.

'வழித்துணை' உடனே பிடித்துவிட்டது. 'வயம்' படித்தவர்க்குப் புரியும். அந்த அம்மாவுக்குப் புரியுமா? 'அவர்வசம்' என்றால் என்ன?

---

ஐயா,

அவரிடமே கேட்டேன். 'வசம்' என்றதும் "என்ரை கையிலை எண்டு சொல்லுறியளோ" என்றார். கலைச்சொல் பட்டியலில் 'அவர்வயமாக்கம்' இருக்கட்டும். கவுன்சில் துண்டறிக்கையில் 'பராமரிப்பு உங்கள் கையில்' என்று போடுகிறேன். 'தனிநபர் வரவுசெலவு' என்பதற்கு மாற்றாக 'அவரவர் ஒதுக்கீடு' சரிவருமா என்று மட்டும் சொல்லுங்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.