சியர்ஸ் வண்டியில் ஒரு சுற்று

போன செப்டம்பரில் அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில், கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் என்ற திறந்தவெளி மியூசியத்தில் நடந்த ஓல்ட் கார் ஃபெஸ்டிவலுக்குப் போயிருந்தேன். எங்கு பார்த்தாலும் ஃபோர்டு கம்பெனியின் பழைய மாடல் டி கார்கள். அவற்றுக்கு நடுவே குதிரையை அவிழ்த்துவிட்ட சாரட்டு ஒன்று தானாகப் படபடவென்று ஓடி வந்தது. இடுப்பு உயரச் சக்கரம், காற்றடிக்காத கெட்டி ரப்பர், ஸ்டியரிங்குக்குப் பதில் படகுச் சுக்கான் மாதிரி ஒரு கம்பி. சியர்ஸ் மோட்டார் பக்கி (பக்கி என்றால் குதிரை வண்டி)! தபாலில் சாமான் விற்ற அதே சிகாகோ சியர்ஸ்தான். 1908 முதல் 1912 வரை கேட்டலாக்கில் போட்டு இதையும் விற்றார்கள். ஆரம்ப விலை 395 டாலர். பெட்டியில் கட்டி ரயிலில் வந்துவிடுமாம்.

வண்டிக்காரப் பெரியவர் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டார். கியர் எங்கே என்று கேட்டேன். இறங்கியதும் குனிந்து காட்டினார். என்ஜின் சுழற்றும் தட்டையான ஒரு தட்டு. அதன் முகத்தில் செங்குத்தாக உரசி நிற்கும் இன்னொரு சக்கரம். அதை விளிம்புப் பக்கம் நகர்த்தினால் வேகம், நடுப்பக்கம் கொண்டுவந்தால் நிதானம், நடுவைத் தாண்டினால் ரிவர்ஸ். அவ்வளவுதான், பல்சக்கரமே இல்லை! அங்கிருந்து இரண்டு சங்கிலி பின்சக்கரங்களுக்குப் போகிறது. மேடு வந்தால் அந்த உரசும் சக்கரம் வழுக்குமே என்றேன், சிரித்துக்கொண்டார்.

இவ்வளவு உயரம் அழகுக்கு அல்ல. அந்தக் காலத்து மிட்வெஸ்ட் (அமெரிக்காவின் நடுவடக்குப் பகுதி) கிராமத்தில் மண்ரோடுதான். மழையில் வண்டித்தடம் ஆழமாகப் பதிந்து நடுவில் மேடு கட்டிவிடும். தாழ்ந்த கார் என்றால் வயிறு தட்டி நின்றுவிடும். ஆனால் அதே 1908இல் வந்த மாடல் டியும் மேடுபள்ளம் தாண்டும், காற்றடித்த டயரில் சொகுசாகவும் போகும். அதன் விலையும் இறங்க இறங்க, இந்த உயரக்கால் வண்டிகளை யார் வாங்குவார்கள்?

வாசகர் ஒருவரின் மறுமொழி:

சியர்ஸுக்கு முன்பே சிகாகோவில் இதே மாதிரி ஹால்ஸ்மன் வண்டி உண்டே! அதைச் செய்த ஹென்றி ஹால்ஸ்மன் அடிப்படையில் கட்டடக் கலைஞர். அவர் வண்டியில் என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலிகூட இல்லை, கயிறு. ஒரு மியூசியத்தில் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறு நினைவுக்கு வந்து என்னையறியாமல் கை நீட்டிவிட்டேன். பின்னால் காவலர் தொண்டையைக் கனைத்தார்.